இரண்டு முறை திரும்பிய முகம்

கெட்டிலின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு ஒட்டிக்கொண்டு, எத்தனை தேய்த்தாலும் போகாமல் உயிரை வாங்குமே, அதை எல்லா வீட்டிலும் திட்டித் தீர்ப்பார்கள். பாப்பாவின் வீட்டில் மட்டும் அதை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டதே அதுதான்.

அவர்கள் வீட்டின் பின்சுவரை ஒட்டி ஒரு குன்று. குன்றின் இடுக்கிலிருந்து ஓர் ஊற்று. கையில் ஏந்திப் பார்த்தால் கண்ணாடி மாதிரி தெளிவாக, ஒன்றும் அறியாத சாதுவைப் போல இருக்கும். ஆனால் சரியான கைகாரத் தண்ணீர் அது. குன்றின் வயிற்றுக்குள் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே எங்கெங்கோ சுற்றி, வரும் வழியெல்லாம் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடும். வெளிக்காற்று பட்டதும், பிடிபட்ட திருடனைப் போல மடியை அவிழ்த்து எல்லாவற்றையும் கீழே போட்டுவிடும். போட்ட இடத்தில் கல் வளரும்.

அந்த ஊற்றுக்கு எதிரே ஒரு நீளமான கூடம். உள்ளே கூரையிலிருந்து தரைவரை இறங்கும் மரப்படிகள். படிகளில் ரப்பர் அச்சுகள். இலை, மீன், சிட்டுக்குருவி, பாய்மரக் கப்பல். மேலிருந்து தண்ணீர் படிக்குப் படி சொட்டி, சிதறி, அச்சுகளுக்குள் விழும். விழுகிற ஒவ்வொரு சொட்டும் கண்ணுக்குத் தெரியாத கல் துணுக்கு ஒன்றை விட்டுவிட்டுப் போகும். ஒரு நகத்தின் கனம் வளர்வதற்குள் ஒரு பருவமே மாறிவிடும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கழித்து ரப்பரை உரித்தால், உள்ளே பால் வெள்ளையில் மினுமினுவென்று ஒரு முழுக் கல் மீன் கிடக்கும். ஒரு செதில்கூடத் தப்பியிருக்காது.

அந்தக் கூடத்தில் உளி கிடையாது, சுத்தியலும் கிடையாது. செதுக்குகிறவனுக்குக் கை வலிக்கும், கண் மங்கும், கோபம் வந்தால் எறிந்துவிட்டுப் போவான். தண்ணீருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அதை அவசரப்படுத்தவும் முடியாது, அதட்டவும் முடியாது. அதுபாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கும். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தும், ஒவ்வொரு அச்சை உரிக்கும்போதும் பாப்பாவுக்கு வாய் பிளந்துதான் போகும்.

பாப்பா என்றதும் குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். முப்பத்தேழு முடிந்துவிட்டது. காதோரம் நரைகூட எட்டிப் பார்த்தாயிற்று. வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர், கெட்டில் படிவு மாதிரி அதுவும் போகவில்லை. அண்ணன் வேனில் சரக்கை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கடைகளுக்குப் போட்டுவிட்டு வருவான். கூடத்தைக் கட்டிக் காப்பது பாப்பாவும் அண்ணியும்.

பாப்பாவுக்கு ஒரு ஆசை இருந்தது. முகம் செய்ய வேண்டும். இலையும் மீனும் அப்பா காலத்து அச்சுகள். யாரோ, எங்கோ செய்தவை. தன் கையால் களிமண்ணில் ஒரு மனிதரின் முகத்தைப் பிடித்து, அதற்கு அச்செடுத்து, தண்ணீரிடம் ஒப்படைத்து, அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அண்ணனிடம் சொன்னால், மீனே ஒழுங்காகப் போகும்போது மூஞ்சி எதற்கு என்பான்.

அந்தச் சமயத்தில்தான் நீச்சல்குளத்து மேனேஜர் வந்தார். பழைய குளத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். அங்கே காலங்காலமாக நீச்சல் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் ஓய்வு பெறுகிறார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள், மேனேஜரும்தான். புதுக் கட்டடத்தின் முன்கூடத்துச் சுவரில் மாஸ்டரின் முகம் வேண்டும், அதைத் தண்ணீரே செய்திருந்தால் பொருத்தமாக இருக்கும் என்பது பழைய மாணவர்களின் யோசனை. கட்டி முடிக்க ஒன்றரை வருஷம் ஆகும், உங்களுக்கும் அது போதுமா என்று கேட்டார். பாப்பா கழுத்து சுளுக்கிக்கொள்ளும் வேகத்தில் தலையாட்டினாள். கிளம்பும்போது, சரியாக வராவிட்டால் பரவாயில்லை, போட்டோவைப் பார்த்து ஃபைபரில் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று நாசூக்காகச் சொல்லி வைத்தார்.

அன்றைக்கே அண்ணன் தீர்ப்பு எழுதிவிட்டான்.

“இது நல்லா வந்துச்சுன்னா இனிமே மூஞ்சியே பண்ணு, நான் கேக்கல. வரலைன்னா மூச்சு விடாம மீனு.”

ஆக, பாப்பாவுக்கு எல்லாம் இந்த ஒரு முகத்தில்தான் இருந்தது.

மாஸ்டர் வந்து கூடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நெடுநெடுவென்ற உடம்பு, வெயிலில் வறுபட்ட தோல். ஆள் உயிரோடு இருக்கும்போதே கல் வைக்கிறீர்களே என்று கேலி செய்தார். ஆனால் பாப்பா களிமண்ணைத் தொட்டதும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைத்துக்கொண்டார். பாப்பாவுக்கு அவர் முகம் அதற்கு முன் அவ்வளவாகப் பழக்கமில்லை. ஊற்றோரத்தில் பிறந்து வளர்ந்தும் அவளுக்கு நீச்சல் தெரியாது. விழுந்ததையெல்லாம் கல்லாக்கும் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவள் குளத்தில் எப்படி இறங்குவாள் என்று அண்ணன் கிண்டலடிப்பான். அண்ணிதான், கல்யாணமாகி வந்த பிறகு, எல்லோரும் சிரிக்கச் சிரிக்க மாஸ்டரிடம் போய் நீச்சல் கற்றுக்கொண்டு வந்தவள்.

களிமண் முகம் முடிந்தது. அச்சும் ஆயிற்று. அகலமான வட்டச் சட்டத்துக்குள் அந்த ரப்பர் அச்சைப் பொருத்தி, முகம் பக்கவாட்டில் படுத்திருப்பது போல, ஒரு கன்னம் மேலே, ஒரு கன்னம் கீழே என்று படியில் சாய்த்து வைத்தார்கள்.

இங்கேதான் அந்தக் கூடத்தின் முக்கியமான வேலைமுறை ஒன்றைச் சொல்ல வேண்டும். சின்ன அச்சுகளைப் படுக்கப் போட்டுவிடலாம். பெரிய அச்சு அப்படியில்லை. சாய்ந்துதான் நிற்க வேண்டும். மேல்பக்கத்தில் தண்ணீர் முதலில் விழுந்து சிதறும், மடியில் இருப்பதில் பெரும்பங்கை அங்கேயே கொட்டிவிடும். கீழ்ப்பக்கத்துக்கு மிச்சம் மீதிதான். அதனால் வாரம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை, சட்டத்தை அரை வட்டம் திருப்பி வைக்க வேண்டும். மேலே இருந்தது கீழே, கீழே இருந்தது மேலே. அப்போதுதான் கல் இரண்டு பக்கமும் சமமாக ஏறும்.

எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. வட்டச் சட்டம் எப்படித் திருப்பினாலும் வட்டம்தான். பெயின்ட் அடித்து வைத்தாலும், ஆணி அடித்து வைத்தாலும், தண்ணீர் சில நாளில் அதன்மேல் வெள்ளையைப் பூசி மூடிவிடும். உள்ளே தொட்டுப் பார்க்கலாம் என்றால், விரல் பட்ட இடத்தில் எண்ணெய்ப் பசை ஒட்டிக் கல் பிடிக்காது. எனவே அந்தக் கூடத்தில் குறி எதுவும் வைப்பதில்லை. திருப்பினவர் உரக்கக் கத்த வேண்டும்: “திருப்பியாச்சு.” எங்கே இருந்தாலும் மற்றவர் பதிலுக்குக் கத்த வேண்டும்: “ஆச்சு.” அவ்வளவுதான். அண்ணியும் பாப்பாவும் வெள்ளிக்கிழமை தோறும் கத்துகிற கத்தலில் தெருவில் போகிறவர்கள் சண்டை என்று நினைத்து நின்று பார்ப்பார்கள்.

உண்மையான சண்டை வந்தபோது சத்தமே இல்லை.

முகம் தண்ணீருக்குப் போய் ஆறேழு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் அச்சின் குழிக்குள் வெள்ளையாகக் கல் பூசிக்கொண்டு, ஓடும் தண்ணீருக்கு அடியில் மூக்கு எது, கண் எது என்று தெரியாமல் போய்விட்டது. அன்று கூடத்தைச் சுற்றிப் பார்க்க வெளியூரிலிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது. அலமாரியில் இருந்த களிமண் முகத்தைக் காட்டி, இது யார் என்று ஒருவர் கேட்டார். பாப்பா பெருமையோடு வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள்.

“இதா? எங்க நீச்சல் மாஸ்டரு. ஆனா அவரே இல்ல. அவருக்கு ஒரு தம்பி இருந்தா இப்படித்தான் இருப்பாரு.”

கூட்டம் சிரித்தது. அண்ணியும் சிரித்தாள். அவள் யாரைப் பற்றியும் இப்படித்தான் பேசுவாள். சொந்தப் புருஷனை, நல்ல பேன்ட் போட்டால் டிரைவர், இல்லாவிட்டால் கிளீனர் என்பாள். ஆனால் பாப்பாவுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. தைத்ததற்குக் காரணம், அவளுக்கே உள்ளூர அந்தச் சந்தேகம் இருந்ததுதான். அளவெல்லாம் சரி, மூக்கு சரி, தாடை சரி. ஆள் மட்டும் அதில் இல்லை.

அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான். அண்ணியும் சளைத்தவள் இல்லை. தமாஷுக்குச் சொன்னதற்கு இவ்வளவு வீம்பா என்று அவளும் நிறுத்தினாள். இருவருக்கும் நடுவே அண்ணன் தபால்காரன் ஆனான். ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு, உங்கள் தங்கச்சிக்கு இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேளுங்கள் என்பாள் ஒருத்தி. உன் பெண்டாட்டியிடம் போதும் என்று சொல் என்பாள் மற்றவள். வேனுக்கு டீசல் போட்டுக் கட்டுபடியாகிறது, இந்த வீட்டில் பேசித்தான் கட்டுபடியாகவில்லை என்று அண்ணன் நொந்துகொண்டான்.

இப்படியே மாதங்கள் போயின. வேலை மட்டும் நிற்கவில்லை. தண்ணீரும் நிற்கவில்லை.

புதுக் குளம் திறக்க மூன்று நாள் இருக்கும்போது, படியிலிருந்து முகத்தை எடுத்தார்கள். அண்ணன் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டு, சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கினான். தூக்கியவன் ஒரு பக்கமாகச் சாய்ந்தான்.

“என்ன இது, ஒரு பக்கமா இழுக்குது?”

அவன் அதை ஜன்னலோர மேஜையில் வைத்ததும் பாப்பா குனிந்து பார்த்தாள். ஓடும் தண்ணீருக்கு அடியில் எல்லாம் அலையலையாய் ஒன்றுபோலத் தெரிந்தது. தண்ணீர் வடிந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. ஒரு பாதி சுண்டுவிரல் கனத்துக்கு ஏறியிருந்தது. மறு பாதி முட்டை ஓட்டைவிட நாலைந்து மடங்கு தேறும், அவ்வளவுதான்.

அவள் அண்ணியைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்துத்தான் கேட்டாள்.

“இது எப்படி இப்படி ஆச்சுன்னு கேளு. யார் மறந்தாலும் நான் ஒருத்தி வாராவாரம் திருப்பித்தான் வெச்சேன்னு சொல்லு.”

அண்ணி முகம் சிவந்துவிட்டது. விடிந்ததும் விடியாததுமாக, ஒரு வெள்ளிக்கிழமைகூட விடாமல் தான் திருப்பி வைத்ததாக அவளும் அண்ணனிடம்தான் சொன்னாள். தங்கச்சி முறுக்கிக்கொண்டு திரிகிறாள், வேலையைக் கோட்டைவிட்டுவிடுவாள் என்று, யாருக்கும் தெரியாமல் வந்து செய்துவிட்டுப் போனாளாம். பாப்பா, தான் மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த பிறகு வந்து திருப்பியதாகச் சொன்னாள். அவளும் அதே எண்ணத்தில்தான்.

அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். காலையில் அரை வட்டம், மத்தியானம் அரை வட்டம். விரல் விட்டு எண்ணத் தேவையே இல்லை.

“அப்ப ரெண்டு பேருமாச் சேந்து வாராவாரம் அவர ஒரு முழு ரவுண்டு சுத்திவிட்டு, இருந்த எடத்துலயே உக்கார வெச்சிருக்கீங்க.”

சண்டைக்கு முந்தைய மாதங்களில் சமமாக ஏறிய கல்தான் மெல்லிய பாதியில் இருந்தது. அதன்பிறகு வந்ததெல்லாம் ஒரே கன்னத்துக்குப் போயிருந்தது. ஒருவரை ஒருவர் நம்பாமல் இரண்டு பேரும் ஒழுங்காக வேலை செய்ததன் பலன்.

திரும்பவும் படியில் வைத்து மெல்லிய பக்கத்தை வளர்க்கலாம்தான், ஆனால் அதற்கு ஒரு வருஷம் ஆகும். அதற்குள் ஃபைபர் முகம் சுவரில் ஏறிவிடும். அப்படியே உரிக்கலாம் என்றால், ரப்பர் இழுக்கிற இழுப்பில் மெல்லிய கன்னம் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடலாம். பாப்பா மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். மேனேஜருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடு, ஃபைபருக்கே சொல்லட்டும் என்று அண்ணனிடம் சொல்ல நினைத்தாள்.

அண்ணி உள்ளே போய் வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மேஜைக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றாள்.

“பாப்பா, அந்த ஓரத்தப் புடி. நான் ஊத்த ஊத்த நீ உரி. கனமான பக்கத்துலேர்ந்து வா.”

எட்டு ஒன்பது மாதத்துக்குப் பிறகு நேராக அவளைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். பாப்பா ஓரத்தைப் பிடித்தாள்.

வெந்நீர் பட்டதும் ரப்பர் இளகியது. அண்ணி ஒரு கையால் நூல் மாதிரி ஊற்றிக்கொண்டே, மற்றக் கையால் கல்லை அடியிலிருந்து தாங்கிக்கொண்டாள். பாப்பா விரல் நுனியால் ரப்பரை மயிரிழை மயிரிழையாகப் பின்னுக்கு மடித்தாள். முதலில் ஒரு காது வந்தது. காதின் மடிப்புகள், மடலின் கீழே இருந்த சின்னத் தழும்பு எல்லாம் வந்தன. பிறகு கனத்த கன்னம், பால் திரண்டது போல. பிறகு புருவம், களிமண்ணில் குச்சியால் அவள் கீறியிருந்த ஒவ்வொரு ரோமத்தையும் தண்ணீர் தேடிப் போய் நிரப்பியிருந்தது. தான் கீறியதே மறந்துபோன கோடுகளைக்கூட அது மறக்கவில்லை. மூக்கைத் தாண்டியதும் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். மெல்லிய பக்கத்தில் ஓரிடத்தில் டிக் என்று ஒரு சத்தம். அண்ணியின் கை அசையவில்லை. பாப்பா கண்ணை மூடிக்கொண்டு கடைசி மடிப்பை எடுத்தாள்.

உடையவில்லை. ரப்பர்தான் விட்டிருந்தது.

ஆனால் ஜன்னல் வெளிச்சம் அந்த மெல்லிய கன்னத்துக்குள் புகுந்து வெளியே வருவதைப் பார்த்தபோது பாப்பாவுக்கு அழுகை முட்டியது. ஒரு பாதி கெட்டிக் கல். மறு பாதி பனிக்கட்டி மாதிரி. ஒரே முகத்தில் இரண்டு பேர். இதை எந்தச் சுவரில் வைத்தாலும் பழுது பழுதுதான். அண்ணியும் வெகுநேரம் அதையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, பழைய அனுபவம் ஞாபகத்துக்கு வந்தவள் போல மூடிக்கொண்டாள்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் காலை முகத்தை வேனில் ஏற்றிக்கொண்டு மூவரும் போனார்கள். புதுக் கட்டடம் முழுக்கச் சிமென்ட் ஈரமும் குளோரின் வாசனையும். முன்கூடத்தின் ஒரு பக்கம் சுவர், அதில் முகத்துக்காக விட்டிருந்த பள்ளம். எதிர்ப்பக்கம் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, அதற்கு அப்பால் குளம். சோதனைக்காக அன்று தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். பழைய மாணவர்கள் ஏழெட்டுப் பேர் குளித்துவிட்டுத் தலை ஈரத்தோடு நின்றார்கள். மேனேஜர் மாஸ்டரையும் கூட்டி வந்திருந்தார்.

அண்ணன் முகத்தைப் பள்ளத்தில் சாய்த்து வைத்தான். சுவரின் சாம்பல் நிறம் மெல்லிய பாதிக்குள் ஏறி, அது அழுக்குப் படிந்த மாதிரி தெரிந்தது. மறு பாதி பளிச்சென்று இருந்தது. மாஸ்டர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார், விலகி நின்று பார்த்தார்.

“யாருப்பா இது?” என்றார். கேலியில்லை. நிஜமாகவே கேட்டார்.

மேனேஜர் சிரித்து மழுப்பினார். பாப்பாவின் உழைப்பைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, இயற்கை விஷயம் நம் கையில் இல்லை, இதை அலுவலகத்தில் வைத்துக்கொள்ளலாம், சுவருக்கு வேறு ஏற்பாடு செய்துவிடலாம் என்று இழுத்தார். பாப்பா தரையைப் பார்த்துத் தலையாட்டினாள். இனி மூச்சு விடாமல் மீன்தான்.

“இருங்க,” என்றாள் அண்ணி. “பாப்பா, உன் பக்கத்தத் தூக்கு.”

எங்கே என்று கேட்கவில்லை பாப்பா. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, முகத்தைக் கூடத்தின் குறுக்கே கொண்டுபோனார்கள். கண்ணாடிக்கு முன்னால் ஒரு உயரமான மேஜை இருந்தது. அதன்மேல் நிமிர்த்தி, குளத்துக்கு முதுகு காட்டி வைத்தாள் அண்ணி. பக்கத்தில் நின்று, அது விழுந்துவிடாமல் தாங்கிக்கொண்டாள்.

காலை வெயில் குளத்தில் பட்டு, கண்ணாடியில் ஏறி, முகத்தின் பின்னால் வந்து மோதியது. கனத்த பாதி அதை உள்ளே விடவில்லை, நிழலாகவே நின்றது. மெல்லிய பாதி மொத்தமாகப் பற்றிக்கொண்டது. கன்னம், கண்ணோரச் சுருக்கம், உதட்டின் பாதி, எல்லாம் தேன் நிறத்தில் ஒளிர்ந்தன. குளத்து நீர் அசைய அசைய வெளிச்சமும் அசைந்தது. விறைத்த பாஸ்போர்ட் முகம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. யாரோ குனிந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்வது போல இருந்தது.

மேனேஜர் பேச்சை நிறுத்திவிட்டார். பேன்ட் பையில் இருந்த கை தானாக வெளியே வந்தது. முதுகு நிமிர்ந்தது. பக்கத்தில் நின்ற தலைநரைத்த ஒருவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். ஈரத்தலைக் கூட்டம் முழுக்க, வரிசையில் நிற்கச் சொல்லி யாரோ அதட்டியது மாதிரி அசையாமல் நின்றது.

மாஸ்டருக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை. வீட்டுக் கண்ணாடியில் தினம் பார்க்கிற மூஞ்சி தனக்குத் தெரியாதா, இது தான் இல்லை என்றார்.

“உங்க மூஞ்சி உங்களுக்கு எப்படித் தெரியும் மாஸ்டர்?” என்றாள் அண்ணி. “தண்ணிக்குள்ள கெடந்து தவிச்சவங்களக் கேளுங்க. வாய்க்குள்ள தண்ணி போகும், காது அடைக்கும், செத்தோம்னு நெனச்சுத் தலையத் தூக்கினா, மேல கரையில நீங்க நிப்பீங்க. பாதி மூஞ்சி வெயில், பாதி மூஞ்சி நெழல். எங்களுக்கு இதுதான் நீங்க.”

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படியாகவே, பாப்பாவிடம் சொன்னாள்:

“அன்னிக்கு நான் சொன்னது களிமண்ணப் பத்தி. இது அவரேதான்.”

பாப்பா முகத்தையே பார்த்தாள். அவள் பிடித்த மூக்கு, அவள் பிடித்த தாடை. அதில் இல்லாத ஆளை உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்தது குன்றுக்குள்ளிருந்து வந்த தண்ணீர். கூட இரண்டு பிடிவாதக்காரிகளின் ரோஷம். தன் பங்கு எங்கே முடிந்தது, தண்ணீரின் பங்கு எங்கே தொடங்கியது என்று அவளால் கோடு போட முடியவில்லை. போட வேண்டும் என்றும் தோன்றவில்லை.

மேனேஜர் மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சுவர்ப் பள்ளத்தை அடைத்துவிடச் சொன்னார். கண்ணாடிக்கு முன்னால் ஒரு கல் பீடம் கட்ட எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். அண்ணன் தங்கை காதருகே வந்து, முகம் செய்ய அடுத்து யாரைப் பிடிக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டான். பாப்பா அதைக் காதில் வாங்கவில்லை. அவள் மாஸ்டரைத் தேடினாள்.

அவர் கூட்டத்தில் இல்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடிக்கும் முகத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியில், முகத்தின் பின்பக்கம் போய் நின்றிருந்தார். அங்கே மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை. எந்த அச்சும் இல்லாமல், யாருடைய கையும் படாமல், தண்ணீர் தன் இஷ்டத்துக்குக் கல்லை விட்டுச் சென்ற பக்கம் அது. சின்னச் சின்னப் படிகமாக, மடிப்பு மடிப்பாக, காற்றடித்த குளத்தை அப்படியே நிறுத்தி வைத்தது போல இருந்தது. வெயில் அதன்மேல் விழுந்து ஆயிரம் துண்டாகச் சிதறிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். தொடலாமா என்று பாப்பாவைக் கேட்டார். தாராளமாகத் தொடலாம், இனி எண்ணெய்ப் பசையால் ஒன்றும் ஆகாது என்றாள் அவள். அவர் உள்ளங்கையை விரித்து, அந்த அலைகளின்மேல் மெதுவாக வைத்தார்.

“இது எனக்குத் தெரியும்மா,” என்றார். “அவங்க என்னைப் பாத்துக்கிட்டு இருந்தப்ப, நான் இதைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்.”

பாப்பா மேனேஜரிடம் போய், பீடத்தைக் கண்ணாடியோடு ஒட்டிக் கட்டிவிட வேண்டாம், பின்னால் ஒரு ஆள் நிற்க இடம் வேண்டும் என்றாள்.